ஆறு குரோனார்

ஒரு பில்லை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. பாளையங்கோட்டையில் கருவூலக் கணக்கராக இருந்தார். எல்லோரும் தொகையைத்தான் முதலில் பார்ப்பார்கள்; அப்பா அதைக் கடைசியில் பார்ப்பார். முதலில் தேதி. பிறகு யார் பெயருக்கு என்பது. அதற்குப் பிறகு, எதற்காக இந்தப் பணம் என்று எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரி. "தொகையை முதலில் பார்த்தால் மனம் அங்கேயே நின்றுவிடும். திருடுகிறவன் தொகையைச் சரியாகத்தான் எழுதுவான். தேதியில்தான் மாட்டிக்கொள்வான்" என்பார்.

1988இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் தி ஹிந்து நாளிதழ் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. செய்தியோடு நிற்காமல், வங்கிக் கடிதங்களையும் பணம் அனுப்பும் உத்தரவுகளையும் நகலெடுத்தது எடுத்தபடியே படமாக அச்சிட்டது. அப்பாவுக்கு அது தாங்கமுடியாத ஆச்சரியம். "பேப்பரில் வவுச்சர் வந்திருக்கிறது" என்று அம்மாவை அழைத்துக் காட்டினார். வராந்தாவில் பெஞ்சின் மேல் பக்கத்தை விரித்து, ஓரம் பறக்காமல் என் கணக்குப் புத்தகத்தை ஒரு மூலையிலும் வெற்றிலைச் செல்லத்தை மறு மூலையிலும் வைத்து, அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். கையில் அலுவலகத்தின் சிவப்புப் பென்சில். பில்லில் ஆட்சேபம் இருந்தால் சுழிப்பதற்கு வைத்திருக்கும் பென்சில் அது.

அன்று அவர் சுழித்தவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. இந்த வயதில், அந்த வழக்கைப் பற்றி அச்சில் வந்தவற்றையும் நீதிமன்றங்கள் சொன்னவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து முடித்த பிறகு, அவர் சரியான இடங்களில்தான் சுழித்திருந்தார் என்று சொல்ல முடிகிறது.

1986 மார்ச் 24ஆம் தேதி, இந்திய அரசு சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 155 மில்லிமீட்டர் ஹோவிட்சர் வகை. விலை 1437 கோடி ரூபாய். இந்த வியாபாரத்தில் இடைத்தரகர் எவரும் இருக்கக்கூடாது என்று ராஜீவ் காந்தியும் சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயும் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, ஸ்டாக்ஹோமின் தெருவில் பால்மே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் பீரங்கிக்கும் முடிச்சுப் போடுகிற கதைகள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை. காகிதத்தில் உள்ளதே போதும்.

1987 ஏப்ரல் 16ஆம் தேதி சுவீடன் வானொலி அந்தச் செய்தியைச் சொன்னது: ஒப்பந்தத்தைப் பெற போஃபர்ஸ் இந்தியாவில் லஞ்சம் கொடுத்திருக்கிறது. மறுநாளே, இது பொய், அடிப்படை அற்றது, விஷமத்தனமானது என்று இந்திய அரசு அறிவித்தது. விசாரிக்காமலே ஒரே நாளில் வந்த மறுப்பு. அப்பாவின் மொழியில் சொன்னால், பில்லைப் பிரிக்காமலே போடப்பட்ட முத்திரை.

ஆனால் சுவீடனில் அந்தக் கதை தொடங்கிய விதம்தான் என் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே காவல்துறை இந்தியாவைத் தேடிப் போகவில்லை. போஃபர்ஸ் தன் ஆயுதங்களைச் சட்டத்துக்கு மாறாக வேறு நாடுகளுக்கு விற்றதா என்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். நிறுவனத்தில் சோதனை போட்டபோது சுவிஸ் வங்கிக்குப் பணம் அனுப்பிய தாள்கள் சில சிக்கின. பணம் பெறுகிறவரின் பெயரை மறைக்கவேண்டும் என்று வங்கிக்குக் குறிப்பு இருந்தது. கணக்கர் ஒருவர், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தவர், ஒரு கேள்வி கேட்டாராம்: சட்டப்படியான பணம் என்றால் பெயரை எதற்கு மறைக்கவேண்டும்? நிறுவனத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நூலைப் பிடித்துப் போனபோதுதான் இந்தியா வந்தது. பல ஆண்டு கழித்து லிண்ட்ஸ்ட்ரோமே இதைச் சொன்னார். அந்தக் கணக்கரின் பெயர் எங்கும் இல்லை. எனக்கு அவர் முகம் அப்பாவின் முகமாகத்தான் தெரிகிறது.

ஜெனீவாவில் அப்போது சித்ரா சுப்ரமணியம் என்ற இளம் நிருபர் இருந்தார். தி ஹிந்துவுக்கு அங்கிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். பெரிய அலுவலகமோ உதவியாளர்களோ இல்லை. வானொலிச் செய்திக்குப் பிறகு மற்றவர்கள் டெல்லியின் வதந்திகளைத் துரத்தினார்கள். அவர் சுவீடனுக்குப் போனார். அந்த அலைச்சலின் நடுவே கருவுற்றிருந்தார். அப்படித்தான் லிண்ட்ஸ்ட்ரோமின் நம்பிக்கையைப் பெற்றார். தன் அரசையோ போஃபர்ஸையோ இந்திய அரசையோ நம்பி இந்த உண்மை வெளியே வராது என்று முடிவு கட்டிவிட்ட அந்தக் காவல் அதிகாரி, 350க்கும் மேற்பட்ட ஆவணங்களை அவரிடம் கொடுத்தார். சென்னையில் அந்தப் பத்திரிகையின் என். ராம் அவரோடு சேர்ந்து அந்தத் தாள்களைச் சரிபார்த்து வெளியிட்டார்.

கொடுத்தவர் யார் என்று சித்ரா வாய் திறக்கவில்லை. ஆளும் கட்சி மாறியது, பிரதமர்கள் மாறினார்கள், விசாரணை அதிகாரிகள் மாறினார்கள். அவர் சொல்லவே இல்லை. 2012 ஏப்ரலில் லிண்ட்ஸ்ட்ரோம் தானாக முன்வந்து, "நான்தான்" என்றார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு. ஒரு ரகசியத்தை ஒரு வாரம் வைத்திருக்க முடியாமல் தவித்திருக்கிறேன் நான். பணத்துக்காகவும் பதவிக்காகவும் ரகசியம் காப்பவர்களை நாடு நிறையப் பார்த்திருக்கிறது. தன்னை நம்பிய ஒரு மனிதருக்காக அதைக் காத்தவரை நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்கிறோம். ஒரே ஆள் ஒரே மூச்சில் மறைப்பதாகத்தான் அதைக் கேட்கும்போது தோன்றும். போஃபர்ஸை வாசித்த பிறகு எனக்கு வேறொரு சித்திரம் தெரிகிறது. பந்தியில் ஆளுக்கு ஒரு கைப்பிடி சோறு போடுகிறார்கள். போடுகிறவர் ஒவ்வொருவரும் மரியாதையானவர். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் பூசணிக்காய் தெரியவில்லை.

முதல் கைப்பிடி சுவீடனிலிருந்தே வந்தது. அந்த நாட்டின் தேசியத் தணிக்கைத் துறை 1987 ஜூன் மாதம் தன் அறிக்கையைக் கொடுத்தது. பணம் கொடுக்கப்பட்டது உண்மை என்று அதில் இருந்தது. யாருக்கு என்ற பகுதி மட்டும் இல்லை. வங்கி ரகசியம் என்ற காரணத்தைச் சொல்லி அதை எடுத்துவிட்டு மீதியை அனுப்பியிருந்தார்கள். பெயர் இல்லாத வவுச்சர். டெல்லியில் அப்போது ஓர் அரசு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால், அந்த வெற்றிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கும்.

ஆகஸ்ட் மாதம் பிரதமர் மக்களவையில் பேசினார். தானோ தன் குடும்பத்தினரோ எந்தப் பணமும் பெறவில்லை என்றார். கேட்கப்பட்ட கேள்வி, யார் பெற்றார்கள் என்பது. அதே மாதம் சங்கரானந்த் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. பெரிய எதிர்க்கட்சிகள் அதில் சேர மறுத்தன. 1988 ஏப்ரலில் குழு அறிக்கை கொடுத்தது. இடைத்தரகர் இல்லை, லஞ்சம் இல்லை. கொடுக்கப்பட்ட பணமெல்லாம் பழைய முகவர்களின் ஏற்பாட்டை முடித்துக்கொள்வதற்கான செலவு. போஃபர்ஸ் கண்டுபிடித்துக் கொடுத்த சொல் அது: முகவர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள், அதனால் இருந்தவர்களைக் கணக்கு முடித்து அனுப்பினோம், அதற்கான தொகை இது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வேலையை விட்டுப் போகிறவனுக்குக் கொடுக்கிற கணக்குத் தீர்ப்புப் பணம் போல.

இங்கேதான் அப்பாவின் மூன்றாவது கேள்வி வருகிறது. எதற்காக இந்தப் பணம்?

இதை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பீரங்கி ஒப்பந்தத்தின் மதிப்பு சுவீடன் நாணயத்தில் 841 கோடியே 6 லட்சத்து 60 ஆயிரம் குரோனார். அதற்குக் கீழே உள்ள சில்லறையை விட்டுவிட்டேன். இந்தியா முன்பணமாகக் கொடுத்தது 20 சதவீதம். அது 168 கோடியே 21 லட்சத்து 32 ஆயிரம். இங்கிலாந்தில் பதிவான ஏ.ஈ. சர்வீசஸ் என்ற நிறுவனத்தோடு போஃபர்ஸ் போட்டிருந்த உடன்பாட்டில் பேசிய கமிஷன் 3 சதவீதம். முன்பணத்துக்கு 3 சதவீதம் போட்டால் 5 கோடியே 4 லட்சத்து 63 ஆயிரத்து 960 குரோனார் வருகிறது.

1986 செப்டம்பர் 3ஆம் தேதி, சூரிச் நகரின் நோர்ட்ஃபினான்ஸ் வங்கியில் ஏ.ஈ. சர்வீசஸ் கணக்கில் போஃபர்ஸ் கட்டிய தொகை 5 கோடியே 4 லட்சத்து 63 ஆயிரத்து 966 குரோனார்.

ஆறு குரோனார் வித்தியாசம். அந்த ஆறும் நான் விட்ட சில்லறைக்குள் இருக்கிறது.

கணக்கு முடித்து அனுப்புகிற பணம் முழுத்தொகையாக இருக்கும். ஐந்து கோடி, ஆறு கோடி என்று பேசி முடிப்பார்கள். விற்பனையின் முன்பணம் வந்து சேர்ந்ததும், அதில் சரியாக மூன்று சதவீதத்தை, கடைசி இலக்கம் வரை கணக்கிட்டு அனுப்புவதற்குத் தமிழில் ஒரே பெயர்தான் இருக்கிறது. தரகு. ஒரு நாடாளுமன்றக் குழுவால் இந்தப் பெருக்கலைப் போட முடியவில்லை என்று நான் நம்பவில்லை. யாரும் போட விரும்பவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. காகிதத்தை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் கோபத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தேதியும் இருக்கிறது. ஏ.ஈ. சர்வீசஸோடு போட்ட உடன்பாடு 1985 நவம்பர் மாதத்தது. அதில் ஒரு நிபந்தனை: 1986 மார்ச் 31க்குள் இந்தியாவின் ஆர்டர் கிடைத்தால்தான் பணம். இடைத்தரகர் கூடாது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட தரகர் இது. அதற்கு முந்தைய மதிப்பீடுகளில் பிரான்சின் சோஃப்மா பீரங்கிதான் முன்னால் நின்றது. பிறகு எல்லாமே வேகம் பிடித்தது. ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்த பேரத்தில், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கையெழுத்து விழுந்தது. இந்த விவரம் பத்திரிகையில் வந்த அன்று அப்பா இரண்டு தேதிகளையும் சுழித்து, நடுவே ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் "7" என்று எழுதினார். அந்த ஏழு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குறுக்கே சின்னக் கோடு போட்டு எழுதுகிற ஏழு.

போஃபர்ஸின் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போ ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். சுவீடன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. 1987இல் எழுதிய குறிப்பு ஒன்று தி ஹிந்து வழியாக நாடெங்கும் போனது. முழுப்பெயர்கள் இல்லை, முதலெழுத்துகள் மட்டும். 'என்' வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, 'கியூ' தெரிந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அவர் 'ஆர்' என்பவருக்கு நெருக்கம் என்ற பொருள்பட எழுதியிருந்தார். ஏ.ஈ. சர்வீசஸுக்குப் போன பணம் இரண்டே வாரத்தில் ஜெனீவாவில் கோல்பார் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற கணக்குக்கு நகர்ந்தது. அந்தக் கணக்குக்கு உரியவர்கள் ஓட்டாவியோ குவாத்ரோச்சியும் அவர் மனைவியும் என்று பின்னாளில் இந்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகையில் சொன்னது. டெல்லியில் இத்தாலிய நிறுவனமொன்றின் பிரதிநிதியாக இருந்தவர், பிரதமரின் குடும்பத்தோடு பழகியவர். பீரங்கிக்கும் அவருக்கும் தொழில்முறையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் இருந்த தொழில் உரம்.

சித்ராவும் ராமும் எழுதியவற்றைத் திரும்பப் படிக்கும்போது எனக்குப் படுவது, அவர்கள் தாளுக்கு மேலே ஒரு சொல்லும் போகவில்லை என்பது. தாளில் இருப்பது இது, இதற்குமேல் தாளில் இல்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு எளிதானதன்று. ஊரே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கையில் ஆவணத்தோடு இருக்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு நெஞ்சில் நிறைய உரம் வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1987 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான அதிகாரிகள் சோதனைக்குப் புகுந்தார்கள். 1988இல் அவதூறுத் தடுப்பு மசோதா ஒன்று வந்தது, மக்களவையில் நிறைவேறியும்விட்டது. நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கிய பிறகு திரும்பப் பெற்றார்கள். அவையெல்லாம் வெளியிலிருந்து வந்த அடி. 1989 அக்டோபரில் வந்தது உள்ளேயிருந்து. சுவீடன் தணிக்கைத் துறை மறைத்த அந்தப் பகுதியே கிடைத்து, தி ஹிந்து அதை வெளியிடத் தொடங்கியது. அதன் தொடர்ச்சி வரவில்லை. ஆசிரியர் ஜி. கஸ்தூரி நிறுத்தினார். ராம் அதை வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டார். சித்ரா தன் தாள்களோடு இந்தியன் எக்ஸ்பிரஸுக்கும் ஸ்டேட்ஸ்மனுக்கும் போனார்.

வீட்டில் அப்பா அன்று காலை பக்கங்களை இரண்டு முறை புரட்டியது எனக்குத் தெரியும். "தொடரும் என்று போட்டிருந்தார்களே" என்றார் அம்மாவிடம். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவர் நூலகத்துக்குப் போய் மற்றப் பத்திரிகைகளையும் படிக்கத் தொடங்கினார். ஆனால் தி ஹிந்துவை நிறுத்தவில்லை. இத்தனையும் கொண்டுவந்தது அந்தப் பத்திரிகைதானே என்ற நன்றி அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது.

நவம்பரில் தேர்தல். வட இந்தியாவில் போஃபர்ஸ் என்ற சொல் பீரங்கியை விடப் பெரிதாக வெடித்தது. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களோடு ஆண்ட காங்கிரஸ் 197க்கு இறங்கியது. தமிழ்நாட்டில்? காங்கிரஸுக்கு 27. கூட்டணியில் இருந்த அ.தி.மு.க.வுக்கு 11. மீதி ஒன்று, நாகப்பட்டினம், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு. எதிர்க்கட்சிகளின் தேசிய முன்னணியைச் சென்னைக் கடற்கரையில் கூட்டம் போட்டுத் தொடங்கிவைத்த தி.மு.க.வுக்கு, மாநிலத்தில் ஆட்சியில் இருந்தும், ஒன்றும் இல்லை.

எந்த ஊரில் அச்சான ஆவணங்கள் டெல்லியை உலுக்கினவோ, அந்த ஊரும் அந்த மாநிலமும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இது பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எம்.ஜி.ஆர். இறந்து இரண்டு ஆண்டு. பிரிந்த கட்சி ஒன்றாகியிருந்த நேரம். கூட்டணிக் கணக்கு அப்படி. அது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு. அந்த ஆவணங்கள் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் நமக்கு வந்து சேர்ந்தது மேடைப்பேச்சும் சுவரெழுத்தும். "பீரங்கியில் ஊழல்" என்ற முழக்கம் தெருவுக்குத் தெருவு கேட்டது. மூன்று சதவீதம், மார்ச் 31, அந்த ஏழு நாள் ஆகியவற்றை யாரும் தெருவில் நின்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் அதைத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் யாரிடமும் அரசியல் பேசுகிற வழக்கமில்லாதவர், அரசு ஊழியர். முழக்கத்தை மக்கள் எல்லாத் தேர்தலிலும் கேட்கிறார்கள். இதுவும் அதில் ஒன்றாகிப்போனது. தமிழில் அந்தக் கணக்கை யாரேனும் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

மறைப்பு ஒரு கட்சியோடு, ஒரு பிரதமரோடு முடிந்துவிடவில்லை. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் சோறு விழுந்துகொண்டே இருந்தது. 1992 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மாநாடு. இந்திய வெளியுறவு அமைச்சர் மாதவ்சிங் சோலங்கி அங்கே சுவிஸ் வெளியுறவு அமைச்சரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். போஃபர்ஸ் வழக்கில் இந்தியா கேட்ட உதவியை நிறுத்திவைப்பதற்கு ஏற்ற வாசகம் அதில் இருந்தது. தாளில் கையெழுத்து இல்லை. செய்தி வெளியே வந்ததும், ஒரு வழக்கறிஞர் கொடுத்தார், நான் வாங்கிக் கொடுத்தேன் என்றார் அமைச்சர். அந்த வழக்கறிஞர் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசியில் பதவி விலகினார். ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர், தன் நாட்டுப் புலனாய்வுக்கு எதிரான கையெழுத்தில்லாத தாளை, இன்னொரு நாட்டு அமைச்சரின் கையில் கொடுக்கிறார். தபால்காரர்கூட உறையின்மேல் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்.

1993 ஜூலையில் சுவிஸ் நீதிமன்ற மேல்முறையீட்டில் குவாத்ரோச்சியின் பெயர் வெளிப்பட்டது. அந்த மாதக் கடைசியிலேயே அவர் டெல்லியை விட்டு விமானம் ஏறிவிட்டார். தடுக்க யாரும் இல்லை. சுவிஸ் வங்கித் தாள்கள் முதன்முறையாக இந்தியாவின் கைக்கு வந்தது 1997இல், குற்றப்பத்திரிகை 1999இல். அதற்குப் பிறகு மலேசியா, அர்ஜென்டினா என்று அவரைக் கொண்டுவர முயன்றதும் தோற்றதும் தனிக்கதை. 2013இல் அவர் மிலான் நகரில் இறந்தார். அதற்கு முன்பே வழக்கில் பெயர் வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். போஃபர்ஸின் முகவர் வின் சாதா 2001, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் பட்நாகர் 2001, ஆர்ட்போ 2004.

நீதிமன்றம் சொன்னதையும் சொல்லவேண்டும். 2004 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம், ராஜீவ் காந்தி லஞ்சம் பெற்றதாகச் சொல்லும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று தள்ளியது. அடுத்த ஆண்டு மே மாதம் தொழிலதிபர்களான இந்துஜா சகோதரர்கள் மீதும் போஃபர்ஸ் நிறுவனத்தின் மீதும் இருந்த வழக்கையும் ரத்து செய்தது. காரணங்களில் முக்கியமான ஒன்று, புலனாய்வுத் துறை வைத்த ஆவணங்கள் நகல்கள், அசலைக் காட்டவில்லை. இந்த வழக்குக்கு அரசு செலவழித்தது சுமார் 250 கோடி ரூபாய் என்றும் நீதிபதி வருத்தத்தோடு குறிப்பிட்டார். லஞ்சமாகப் போனதாகச் சொல்லப்பட்டது 64 கோடி.

அப்பா அப்போது ஓய்வு பெற்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீர்ப்பைப் படித்துக் கொதிப்பார் என்று நினைத்தேன். நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நகலை வைத்து நானும் பணம் கொடுக்க மாட்டேன்" என்றார். முப்பத்தைந்து ஆண்டு அந்த வேலையைச் செய்தவரின் பதில். அவருடைய சொந்த நம்பிக்கைக்கு எதிராகவே அந்த விதி திரும்பியபோதும் விதியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு மெல்ல, "அசலைக் கேட்டு வாங்குவதற்கு அவர்களுக்குப் பதினெட்டு வருடம் இருந்ததே" என்றார்.

இன்னொரு வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பீரங்கி நல்ல பீரங்கிதானே, 1999இல் கார்கில் மலையில் அதுதானே காப்பாற்றியது என்பார்கள். உண்மைதான். அந்தப் பீரங்கி இல்லாமல் அந்தப் போர் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பொருள் நல்லது என்றால் தரகு எதற்கு? அதுமட்டுமல்ல, இந்த ஊழலுக்குப் பயந்து அதன்பின் பல ஆண்டு புதிய பீரங்கி வாங்கவே எந்த அரசும் துணியவில்லை. அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

2011 தொடக்கத்தில் வருமான வரித் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்று வெளியே வந்தது. வின் சாதாவுக்கும் குவாத்ரோச்சிக்கும் 41 கோடி ரூபாய் தரகாகப் போயிருக்கிறது, அதற்கு வரி கட்டவேண்டும் என்று. இரண்டே மாதத்தில், மார்ச் மாதம், டெல்லியின் குற்றவியல் நீதிமன்றம் குவாத்ரோச்சியை வழக்கிலிருந்து விடுவித்தது. வரி கேட்கிற அளவுக்கு உண்மை, தண்டிக்கிற அளவுக்கு இல்லை.

மறுஆண்டு லிண்ட்ஸ்ட்ரோமின் பேட்டி வந்தது. எடுத்தவர் சித்ராவே. அதை அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்ததால் நான் வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னேன். ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்கிறார் லிண்ட்ஸ்ட்ரோம். ஆனால் இந்தியாவிலும் சுவீடனிலும் நடந்த பெரும் மறைப்பைப் பார்த்துக்கொண்டு ராஜீவ் ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்கிறார். அப்பா தலையசைத்தார். 1990இல் சுவீடன் பத்திரிகை ஒன்றில் அமிதாப் பச்சனின் பெயர் வந்தது இந்திய விசாரணையாளர்கள் அங்கே போய் விதைத்தது என்ற இடம் வந்தபோது, திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையில் அத்தனை தாளும் இருக்க, தாளில் இல்லாத ஒரு பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் இருபத்திரண்டு ஆண்டு அதைச் சுமந்தது. பெயரை மறைப்பது ஒரு வகை. தவறான பெயரை எழுதுவது இன்னொரு வகை. "இது அதைவிட மோசம்" என்றார் அப்பா.

"அந்தக் கியூவை யாராவது உட்காரவைத்துக் கேட்டார்களா?"

பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். சுவீடனிலும் சரி, சுவிட்சர்லாந்திலும் சரி, அவரை விசாரிக்க யாரையும் விடவில்லை என்று லிண்ட்ஸ்ட்ரோம் சொல்லியிருக்கிறார்.

அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாளைக் கையில் கேட்டு வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்து, மேலே மூலையில் எதையோ தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தேதி" என்றார்.